கறுப்பு லேபிள் ஒட்டிய கல்யாணி

பாட்டிலின் தோளில் ஒரு வெள்ளை வளையம் ஓடும். அடிப்பக்கம் இன்னொன்று. அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்தால் போகாது. 650 மில்லி பிடிக்கும் அந்தப் பழுப்புக் கண்ணாடி பாட்டில், ஆலையிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து காலி பாட்டில் வாங்க வருகிறவரின் வண்டிக்கு, அங்கிருந்து மறுபடி ஆலைக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சூடான காரநீரில் கழுவப்பட்டு, நிரப்பும் வரிசையில் பக்கத்து பாட்டிலோடு தோள் உரசி, பெட்டிக்குள் குலுங்கி, எந்த இடம் சற்றே புடைத்திருக்கிறதோ அந்த இடத்தில் கண்ணாடி தேய்ந்து வெளுத்துவிடுகிறது. வளையம் எவ்வளவு அகலமோ பாட்டிலுக்கு அவ்வளவு வயது. இந்தியாவில் திரும்பப் போகும் பீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆனால் கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் கல்யாணி பிளாக் லேபிள் பீர் குடிக்கிறவர்கள் அதைக் கவனிக்கிறார்கள். நன்றாகத் தேய்ந்த பாட்டிலாகப் பார்த்துக் கேட்கிறவரை நான் கடையில் பார்த்திருக்கிறேன். பீருக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் அவர் கேட்டதில் எனக்கு மரியாதை உண்டு. தான் குடிக்கப் போகிற பொருளை அவர் கண்ணால் பார்க்கிறார்.

மலிவான ஒரு லாகர் பீரை இவ்வளவு கூர்ந்து பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது என்பதுதான் என் கட்சி. விலையுயர்ந்ததைப் பாராட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதன் விலையே பாதிப் பாராட்டைச் சொல்லிவிடும். தட்டின் கீழ்வரிசையில் நிற்கும் உள்ளூர்ச் சரக்குக்கு அதைக் குடிக்கிறவரின் நாக்கைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

கல்யாணி ஒரு ஊர். நதியா மாவட்டத்தில், ஹூக்ளியின் கிழக்குக் கரையில், கொல்கத்தாவுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகள் தங்கியிருந்த இடம். ரூஸ்வெல்ட் நகர் என்று அப்போது பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராய் அங்கே திட்டமிட்ட நகரம் ஒன்றை எழுப்பினார். 1954இல் காங்கிரஸ் மகாசபை அங்கே கூடியது. அதே ராய்தான் கல்கத்தாவுக்குக் கிழக்கே இருந்த உப்புச் சதுப்பைத் தூர்த்து இன்னொரு நகரம் கட்ட முடிவு செய்தவர். யூகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று ஹூக்ளியின் வண்டலை நீரோடு கலந்து குழாய் வழியே கொண்டுவந்து கொட்டியது. நகரத்தின் வரைபடத்தைப் போட்டவர் அந்த நாட்டு வல்லுநர் தோப்ரிவோயே தோஷ்கோவிச். நிரப்பும் வேலை தொடங்கிய 1962ஆம் ஆண்டிலேயே, ஜூலை 1 அன்று, தன் பிறந்தநாளிலேயே ராய் காலமானார். அந்த நகரம்தான் சால்ட் லேக்; அதன் அதிகாரப்பூர்வப் பெயர் பிதான்நகர். 1972இல் காங்கிரஸ் மகாசபை இங்கேயும் கூடியது. ஆக, பீர் வடிக்கிற ஊரும் அதை விரும்பிக் குடிக்கிற இந்த ஊரும் ஒரே மனிதரின் மேசையில் பிறந்தவை. நாங்கள் நிற்கிற மண்கூட ஆற்றின் வண்டல்தான். இதைச் சொன்னால் கல்யாணிப் பிரியர்களின் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். தங்கள் பிடிவாதத்துக்கு வரலாற்றிலும் ஒரு ஆதாரம் கிடைத்துவிட்டது என்ற மலர்ச்சி.

இனி பாட்டிலுக்கு வருவோம்.

ஐஸ் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த அடுத்த நிமிடம் பாட்டில் வியர்க்கத் தொடங்கிவிடும். வைகாசி, ஆனி மாதத்துக் கொல்கத்தாக் காற்றில் அவ்வளவு ஈரம். முதலில் கண்ணாடி முழுவதும் மூச்சு பட்டதுபோல் மங்கும். பிறகு மங்கல் துளிகளாகத் திரளும். துளிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடும். ஓடுகிற தண்ணீர் லேபிளின் பசையை இளக்குகிறது. கறுப்புத் தாள் ஒரு ஓரத்தில் சுருங்கி, மெல்ல வழுக்கி, விரல் வைத்தால் முழுசாக நகரும். பேச்சு நீளும்போது கை அந்தத் தாளைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். கிழியாமல் முழுதாக உரித்தெடுத்து மேசையில் ஒட்டி வைப்பது இங்கே பலருக்குப் பழக்கம். இரவு முடிகிறபோது எத்தனை பாட்டில் தீர்ந்தது என்று மேசையைப் பார்த்தே எண்ணலாம்.

மூடி 21 பற்கள் கொண்ட சாதாரணத் தகர மூடி. அதைத் திறக்கும்போது வருகிற ஒலி கவனிக்க வேண்டியது. நன்றாகக் குளிர்ந்த பாட்டிலில் அது சின்ன ஒலி; வாயு பீருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று பொருள். 'டப்' என்று வெடித்து நுரை கழுத்து வழியே பொங்கினால் பாட்டில் சூடாக இருக்கிறது, அல்லது யாரோ குலுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஊற்றுவதில்தான் எனக்கும் இங்குள்ள பார் பணியாளர்களுக்கும் கருத்து வேறுபாடு. அவர்கள் கிளாஸை நன்றாகச் சாய்த்து, நுரையே எழாதபடி விளிம்பு வரை ஊற்றுவார்கள். நுரை என்றால் வாடிக்கையாளருக்கு அளவு குறைகிறது என்ற நேர்மையான எண்ணம் அது. ஆனால் முக்கால் கிளாஸ் சாய்த்து ஊற்றிவிட்டு, மீதியை நிமிர்த்தி நடுவில் விட்டால், இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளை நுரை எழும். இந்த நுரை நீண்ட நேரம் நிற்காது. இந்திய லாகர்களில் பார்லி மால்ட்டோடு அரிசியோ சோளமோ சர்க்கரையோ சேர்வது வழக்கம். நுரையைப் பிடித்து நிறுத்துவது மால்ட்டின் புரதம். மால்ட்டின் பங்கு குறையும்போது நுரையின் ஆயுளும் குறைகிறது. ஒரு நிமிடம் நின்று, பெரிய குமிழிகளாக உடைந்து, கிளாஸின் உட்சுவரில் கிழிந்த வலைபோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இறங்கும். அந்த ஒரு நிமிடம்தான் வாசனைக்கான நேரம். மூக்கை அருகே கொண்டுபோனால், வடித்த கஞ்சி ஆறுகிறபோது எழுமே ஒரு மெல்லிய இனிப்பு, அது கிடைக்கும். அதற்குப் பின்னால், மிகவும் தள்ளி, ஹாப் பூவின் பச்சை வாசம். எனக்குத் தெரிந்த மலிவு லாகர்களில் இந்தத் தானிய வாசம் இவ்வளவு சுத்தமாக வருவது குறைவு.

நிறம் தெளிந்த வெளிர்பொன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியிலிருந்து மூன்று நான்கு இடங்களில் மட்டும் குமிழிச் சரங்கள் இடைவிடாமல் மேலேறுவது தெரியும். கிளாஸின் அடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கிற இடங்கள் அவை.

வாய்க்குள் போனதும் முதலில் குளிர், பிறகு வாயுவின் குறுகுறுப்பு. மூன்றாவதாக லேசான இனிப்பு நாக்கின் நடுவே பரவும். விழுங்கும்போது கசப்பு வரும். வரும், உடனே போய்விடும். இந்தக் கசப்பின் குறுமைதான் கல்யாணியின் நயம் என்பேன். அது நாக்கில் தங்கிப் பேசிக்கொண்டிருப்பதில்லை. இனிப்பைத் துடைத்துவிட்டு வாயைக் காலியாக விட்டுப் போகிறது. காலியான வாய் அடுத்த மடக்கைக் கேட்கிறது. நாற்பது டிகிரிக்குப் பக்கத்தில் வெயிலும் கழுத்தை நனைக்கிற புழுக்கமும் இருக்கிற ஊரில் ஒரு பானத்துக்கு வேறு என்ன குணம் வேண்டும்?

இதில் மைல்டு, ஸ்ட்ராங் என்று இரண்டு உண்டு. இந்தியாவில் விற்கிற பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங். கொடுக்கிற காசுக்கு ஏறுகிற போதையைக் கணக்கிட்டு வாங்குகிற நாடு இது. கல்யாணியிலும் ஸ்ட்ராங் வாங்குகிறவர்களே கண்ணில் அதிகம் படுகிறார்கள். அதில் இனிப்பு கனமானது; தொண்டையில் ஒரு சூடு இருக்கும்; இரண்டாவது கிளாஸிலேயே நாக்கு மரத்துவிடும். நான் மைல்டு கட்சி. மேலே சொன்ன கசப்பின் வருகையும் போக்கும் மைல்டில்தான் தெளிவாகத் தெரிகின்றன. கடைக்காரர் கை தானாகவே ஸ்ட்ராங் பக்கம் போகும். மைல்டு வேண்டுமானால் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருக்கிறார். நான் அவரைத் தாதா என்றுதான் அழைப்பேன். வங்காளத்தில் அண்ணன் முறைக்கு அதுவே சொல். கல்யாணியைத் தவிர வேறு பீரை அவர் வீட்டில் பார்த்ததில்லை. ஒரு பாட்டிலை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. "தனியாகக் குடித்தால் கடைசிக் கிளாஸ் வெந்நீர், பாய்" என்பார். அவர் சொல்வதில் அனுபவ அறிவு இருக்கிறது. குளிர் மிகுந்திருக்கும்போது நாக்குக்கு இனிப்பும் வாசமும் சரியாகத் தெரிவதில்லை. முதல் கிளாஸ் தாகத்துக்குத்தான் போகிறது. பத்து நிமிடம் கழித்து, குளிர் கொஞ்சம் விட்டபிறகு ஊற்றுகிற இரண்டாவது கிளாஸில்தான் தானியமும் ஹாப்பும் முகம் காட்டுகின்றன. மூன்றாவது கிளாஸுக்குள் அறைச் சூடு ஏறி, வாயு இறங்கி, இனிப்பு மட்டும் மேலே மிதக்கிறது. இரண்டு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டு கிளாஸோடு பாட்டில் முடிகிறது. அதாவது அது கெடுவதற்கு முன்பே முடிகிறது. 650 மில்லி என்ற அளவை இந்த நினைப்போடு யாரும் வகுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கொல்கத்தா வெயிலுக்கும் இரண்டு நண்பர்களுக்கும் அது அவ்வளவு கச்சிதம்.

கல்யாணியைக் குறை சொல்கிறவர்கள் சால்ட் லேக்கிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். செக்டர் ஐந்தில் ஐ.டி. நிறுவனங்களில் வேலை செய்யும் இளைஞர்கள், கோதுமை பீரும் பழவாசனை பீரும் குடித்துப் பழகியவர்கள். "தண்ணி மாதிரி இருக்கு, வாசனையே இல்லை" என்பது அவர்கள் புகார். டார்ஜிலிங் பக்கத்திலிருந்து வந்த பையன்கள் சிக்கிமின் டான்ஸ்பர்க் பேரைச் சொல்லி ஏங்குவார்கள். நடிகர் டேனி டென்சோங்பா 1987இல் தொடங்கிய யுக்சம் ஆலையின் சரக்கு அது. அவரவர் மண்ணுக்கு அவரவர் லாகர். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் 'தண்ணி மாதிரி' என்ற புகாரை அப்படியே விட முடியாது.

ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்ட பீரில் ஒரு பிழை நடந்தால் அந்த வாசனைகளுக்குள் மறைந்துகொள்ளும். வெளிர் லாகரில் மறைய இடமே இல்லை. ஈஸ்ட்டுக்குப் போதிய நாள் கொடுக்காமல் அவசரப்பட்டு இறக்கினால் வெண்ணெய் வாசமோ பச்சை ஆப்பிள் வாசமோ காட்டிக்கொடுக்கும். கொதிக்க வைப்பதில் குறை இருந்தால் வேகவைத்த சோளம் மணக்கும். வெயில் பட்டால் ஹாப்பின் கசப்புப் பொருள் உடைந்து சகிக்க முடியாத நாற்றம் எடுக்கும்; பழுப்புக் கண்ணாடி அதைத் தடுக்கத்தான். குறைந்த விலைக்கு, ஒவ்வொரு முறையும் அதே ருசியில், இந்தப் பிழைகள் எதுவும் தலைகாட்டாமல் ஒரு வெளிர் லாகரைத் தருவது சாதாரண வேலை இல்லை. வாசனை இல்லை என்று சொல்கிறவர்கள் அதில் எந்தக் கெட்ட வாசனையும் இல்லை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பிரியர்கள் பக்கமும் சில நம்பிக்கைகள் உண்டு. அவற்றையும் பரிசோதிக்க வேண்டும். ஹூக்ளித் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்பார்கள். இன்றைய பீர் ஆலைகள் தண்ணீரைச் சுத்திகரித்து, உப்புகளை வேண்டிய அளவுக்குத் திருத்திக்கொண்டுதான் வேலை தொடங்குகின்றன. ஆற்றுக்கு அந்தப் பெருமை போகாது. கிளிசரின் கதை இன்னும் பிரபலம். பீர் கெடாமலிருக்கக் கிளிசரின் சேர்க்கிறார்கள் என்றும், திறந்த பாட்டிலைத் தண்ணீர்க் கிளாஸுக்குள் தலைகீழாக நிறுத்தினால் அது இறங்கிவிடும் என்றும் வட இந்தியா முதல் வங்காளம் வரை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். செய்து காட்டவும் செய்வார்கள். தண்ணீருக்குள் எண்ணெய்போல நெளிந்து நெளிந்து ஒன்று இறங்குவது கண்ணுக்குத் தெரியும். பார்க்க அழகான காட்சிதான். இறங்குவது பீரேதான். புளித்து முடிந்த பிறகும் அதில் மிஞ்சியிருக்கும் மாவுச் சர்க்கரையால் அது தண்ணீரைவிட ஒரு சிறிது கனம். அதனால் கீழே இறங்குகிறது, அந்த இடத்துக்குத் தண்ணீர் மேலே ஏறுகிறது. ஆகவே இதைச் செய்கிறவர் நல்ல பீரில் தண்ணீர் கலந்து குடிக்கிறார். ஈஸ்ட் தானாகவே கொஞ்சம் கிளிசரின் உண்டாக்கும். எந்த நாட்டு பீரிலும் அது உண்டு. வாய்க்கு ஒரு வழவழப்பைத் தருவதில் அதற்கும் பங்கு உண்டு. நண்பர்களே, பாட்டிலைக் கவிழ்க்காதீர்கள்.

ருசிக்கு உண்மையான காரணம் எளிமையானது: புதுசு. லாகர் மூப்பைத் தாங்காத மது. ஆலையிலிருந்து இறங்கிய அன்று இருக்கும் தானிய வாசம் நாள்பட நாள்படக் குறையும். வெயிலில் லாரியில் நின்றால், வெக்கையான கிடங்கில் கிடந்தால், ஆக்சிஜன் தன் வேலையைக் காட்டி ஈர அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும். தொலைதூரத்திலிருந்து, பல கிடங்குகளில் இறங்கி ஏறி வரும் பாட்டில்கள் இந்த வாசத்தோடுதான் பெரும்பாலும் வந்து சேர்கின்றன. விலை அதிகம் என்பதற்காக ஆக்சிஜன் அவற்றை விட்டுவைப்பதில்லை. கல்யாணியிலிருந்து சால்ட் லேக்குக்கு ஒரு லாரி இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்துவிடும். விற்பனையும் வேகம், பாட்டில் தட்டில் தூங்குவதில்லை. இங்கே ஒரு மலிவு லாகர், தன்னைவிட இரண்டு மடங்கு விலையுள்ள பாட்டிலைவிட நன்றாக இருக்கிறது என்று பிரியர்கள் சொல்வதில் ஊர்ப்பாசம் மட்டும் இல்லை, வேதியியலும் இருக்கிறது. தாதா கடைக் கம்பிக்கு வெளியே நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்பக்கத்து லேபிளில் எந்த ஆலை, எந்தத் தேதி என்று படித்துவிட்டுத்தான் காசை நீட்டுவார். பின்னால் வரிசை நிற்கும். யாரும் முணுமுணுப்பதில்லை; அவர்களும் அதையே செய்யப் போகிறவர்கள்.

இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் நம் ஊர் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனை முழுவதையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. அதிலிருந்து பீர் வாங்குகிறவரின் முதல் கேள்வி "கூலிங் இருக்கா?" என்பதுதான். எந்தப் பெயர் என்பது இரண்டாம் பட்சம். இருக்கிறதைக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு நகர வேண்டியதுதான். மேற்கு வங்காளத்தில் 2017 முதல் மொத்த விற்பனை அரசுக் கழகத்தின் கையில். சில்லறைக் கடை தனியாருடையது. 'எஃப்.எல். ஆஃப் ஷாப்' என்று பலகை தொங்கும் அந்தக் கடைகளில் வாடிக்கையாளர் கேட்டது இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் கடைக்காரருக்கு இருக்கிறது. ஒரு பீருக்கு விசுவாசிகள் உருவாக அதைத் தேர்ந்தெடுக்கிற உரிமை முதலில் வேண்டும். தமிழ்நாட்டில் நீலகிரி மலையிலேயே பீர் வடித்த பாரம்பரியம் இருந்தும் 'எங்கள் ஊர் பீர்' என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நமக்கு ஒன்று இல்லாமல் போனதில் இதற்கும் ஒரு பங்கு உண்டென்று நினைக்கிறேன்.

அந்த நீலகிரிக்கும் இந்தக் கல்யாணிக்கும் ஒரு கோடு போகிறது. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் புரூவரிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நீலகிரி ஆலையும் அதில் சேர்ந்தது. 1940களின் இறுதியில் அது விட்டல் மல்லையாவின் கைக்கு வந்தது. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்தவர் அவர்; மகன் விஜய் பிறந்ததும் 1955இல் இதே ஊரில்தான். கல்யாணி ஆலையும் பிளாக் லேபிளும் அந்தக் குடும்பத்தின் நிறுவனத்துக்குள் வந்தன. 2021இல் டச்சு நிறுவனமான ஹெய்னகன் யுனைடெட் புரூவரிஸைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. வீட்டின் செல்லப் பிள்ளை கிங்ஃபிஷருக்குக் காலண்டரும் கிரிக்கெட்டும் விமானமும்கூட வாய்த்தன. கல்யாணியை வளர்த்தது பெரும்பாலும் வாய்ப்பேச்சு.

வாய்ப்பேச்சுக்கு இந்த ஊரில் பஞ்சம் ஏது? மாலை நேரத்து மொட்டை மாடியில், குடியிருப்புப் பிளாக்கின் பூங்காவை ஒட்டிய பால்கனியில் கூட்டம் கூடிவிட்டால் பேச்சு நள்ளிரவு வரை போகும். சால்ட் லேக்கில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. ஏ.ஏ., பி.சி., சி.கே. என்று எழுத்துகளால் ஆன பிளாக்குகள். வழி சொல்வது தண்ணீர்த் தொட்டியின் எண்ணை வைத்து. "எட்டாம் நம்பர் டேங்க்கில் இறங்கி வா, பாட்டில் எடுத்து வைக்கிறேன்" என்பது அழைப்பின் இலக்கணம். தட்டில் முரி இருக்கும். நம் பொரிதான், பச்சைக் கடுகெண்ணெய், நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பிசைந்தது. கடுகெண்ணெயின் காரம் மூக்கின் உச்சியில் ஏறும்போது ஒரு மடக்கு கல்யாணி அதை இறக்கிவிடும். கொஞ்சம் வசதியான நாளென்றால் பேட்கி மீனில் செய்த ஃபிஷ் ஃப்ரை, தொட்டுக்கொள்ளக் காசுந்தி என்ற கடுகு விழுது. இந்தச் சேர்க்கையில்தான் அந்தக் குறுங்கசப்பின் முழு நியாயமும் விளங்குகிறது. கடுகின் உறைப்போடு போட்டி போடுகிற கசப்பு இருந்தால் இரண்டும் கெட்டுவிடும். கல்யாணி மீனையும் கடுகையும் பேசவிட்டு, நடுவில் நாக்கைக் கழுவிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சாப்பாட்டோடு குடிக்கிற பானத்துக்கு இது பெரிய குணம். வீட்டுக்காரரின் பந்தி உபசாரத்தை நன்கு அறிந்த ஒரு பானம்.

கால்பந்து நாட்களில் பேச்சு சத்தமாக மாறும். சால்ட் லேக் ஸ்டேடியம் 1984இல் திறக்கப்பட்டது. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதியபோது 1,31,781 பேர் அதற்குள் இருந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டு ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. அந்த ஆட்டத்தை இன்றும் நிமிடம் நிமிடமாகச் சொல்கிறவர்கள் எங்கள் பிளாக்கில் இருக்கிறார்கள். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்று சாப்பாட்டில்கூடப் பிரிந்து நிற்கும் இந்த இரண்டு கட்சிக்கும் பொதுவாக மேசையில் நிற்பது கறுப்பு லேபிள்தான். தாதா ஈஸ்ட் பெங்கால். எதிர் வீட்டுக்காரர் மோகன் பகான். ஆட்டம் முடிந்து இரண்டு நாள் பேச்சு நின்றுபோகும். மூன்றாம் நாள் ஒருவர் பாட்டிலோடு போய் மணி அடிப்பார். பாட்டில் இரண்டு பேருக்கு என்ற கொள்கை அங்கேயும் வேலை செய்கிறது.

குளிர்ந்த பீர் இந்த ஊருக்கு எளிதில் வந்த சுகமும் இல்லை. கம்பெனி காலத்தில் லண்டனிலிருந்து ஹாட்ஜ்சன் ஆலையின் வெளிர் ஏல், ஆப்பிரிக்கா முனையைச் சுற்றி நான்கைந்து மாதக் கப்பல் பயணத்தில் கல்கத்தா வந்தது. வெடியுப்பு கரைத்த தண்ணீரில் பாட்டிலை வைத்துக் குளிர்விக்கத் தனியே ஒரு வேலையாள் இருந்தான். 1833 செப்டம்பரில் பாஸ்டனிலிருந்து டஸ்கனி என்ற கப்பல் ஏரிப் பனிக்கட்டியோடு வந்தது. ஏற்றியது 180 டன். உருகியது போக ஏறக்குறைய 100 டன் மிஞ்சியது. அதே வியாபாரம் 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸைக் கட்டியது. இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடம். அதே 1842இல்தான் பொஹீமியாவின் பில்சென் ஊரில் யோசெஃப் குரோல் முதல் பொன்னிற லாகரை வடித்தார். லாகர் குளிரில் பிறந்து குளிரில் பழுத்துக் குளிராகக் குடிக்கப்பட வேண்டியது. இயந்திரக் குளிர் வருவதற்கு முன்பு வங்காளச் சமவெளியில் அதை வடிப்பதை நினைத்துப் பார்த்திருக்கவே முடியாது. சதுப்பு நிலத்தின் மேல் நிற்கிற வீட்டின் மாடியில், ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் வடித்த லாகரை, ஒரு சாதாரண ஓய்வூதியக்காரர் தன் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து ஊற்றுகிறார் என்பதை இந்த வரலாற்றோடு வைத்துப் பார்த்தால், அதை மலிவு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க மனம் வராது.

இப்போது ஆலைகள் பெரிய கைகளுக்குப் போய்விட்டன. உள்ளூர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டு, எல்லா ஊருக்கும் ஒரே பாட்டில் என்று ஆக்குவது கணக்குப் புத்தகத்துக்கு லாபமாகத் தெரியலாம். அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்யாணி பிளாக் லேபிளுக்குப் புது உடை வேண்டாம், பழவாசனை வேண்டாம், விலையும் ஏற வேண்டாம். அதே குறுங்கசப்பு, அதே பழுப்பு பாட்டில், கல்யாணியிலேயே வடித்தது என்ற வரி. இவை இருந்தால் போதும்.

நீங்கள் சால்ட் லேக் பக்கம் வந்தால், மது அருந்துகிறவராகவும் இருந்தால், கடையில் பெயர் சொல்லிக் கேளுங்கள்: கல்யாணி, மைல்டு. பின்பக்கம் திருப்பி ஆலையின் பெயரையும் தேதியையும் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மேலானது என்றால் வேறு பாட்டில் கேளுங்கள், கொடுப்பார்கள். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். முதல் கிளாஸை வைத்து எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள். இரண்டாவதைக் குடித்துவிட்டுச் சொல்லுங்கள்.